ஆறாவது கண்ணாடி

ஊனா லாலர் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே விரல் நீளக் கண்ணாடிப் பட்டை ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது. முனைகளில் காய்ந்த சாந்து ஒட்டியிருந்தது.

“இது அஞ்சாவது. இன்னிக்குக் காலைல, மாடிப்படிச் சுவர்ல.”

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த திருமதி மொலாய் அதைத் தொடவில்லை. டப்ளின் மாநகராட்சியில் இருபத்தாறு வருடம் இடியும் வீடுகளையே பார்த்துக் காலம் கழித்தவள். ஓய்வு பெற்றபின் பழைய வீடுகளைக் காக்கும் சங்கம் ஒன்றுக்காக, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தாள்.

“பிடுங்கிட்டீங்களா? சுவர்லயே விட்டிருக்கலாமே.”

“வெறும் வாய்ப்பேச்சுன்னு நீங்க நெனச்சிட்டா?”

“நான் எல்லாரையும் அப்படித்தான் நெனைப்பேன். உட்காருங்க.”

ஜன்னலோரம் நின்றிருந்த டெர்மட் ஸ்கல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். இப்போது சங்கத்துக்குச் சம்பளமில்லாத கையாள். “கார்வில் வரிசை ஏழாம் எண்! உங்க வீட்டுக் கதவுல தபால் வாய் ரொம்பக் கீழ இருக்கும் மிஸ் லாலர். என் முதுகுவலிக்குப் பாதிக் காரணம் உங்க வீடுதான்.”

“மீதிப் பாதி?” என்றாள் மொலாய்.

“மத்த ஏழு வீடு.”

ஊனா சிரிக்கவில்லை. மூன்று வாரமாகச் சிரிப்பு அவளுக்கு மறந்துபோயிருந்தது. விஷயத்தைச் சொன்னாள். கார்வில் வரிசையில் எட்டு வீடுகள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்றில் ஒரே மூச்சில், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி கட்டியவை. மொத்த வரிசையும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு செங்கல்லைக்கூட அனுமதியில்லாமல் அசைக்க முடியாது. ஆனால் ஆபத்தான கட்டடம் என்று இன்ஜினியர் எழுதிவிட்டால் அந்தப் பட்டியல் வெறும் காகிதம். ஏழாம் எண்ணில் மாடிப்படிச் சுவரிலிருந்து முன்னறை ஜன்னல் வரை ஒரு விரிசல் ஓடுகிறது. அது நகர்கிறதா என்று பார்க்க மாநகராட்சி இன்ஜினியர் ஹெனஸி அதன் குறுக்கே ஐந்து கண்ணாடிப் பட்டைகளைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டுப் போனார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். ஐந்தும் உடைந்துவிட்டன.

“அடுத்த வெள்ளிக்கிழமை ஹெனஸி கடைசியா வந்து பாக்கறாரு. அன்னிக்கே நோட்டீஸ் குடுத்துருவாரு. நானும் என் தங்கச்சி எத்னாவும் ரெண்டே நாள்ல வெளிய போயாகணும். நாங்க பொறந்த வீடு, மிஸஸ் மொலாய்.”

“சுவர் நகருதுன்னா போய்த்தானே ஆகணும்?”

“நகரல. யாரோ உடைக்கிறாங்க.”

“யாரு?”

ஊனாவுக்கு இந்தக் கேள்விக்காகவே வந்ததுபோல் இருந்தது. “லோர்கன் குவிக்லி. ஆறாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் வாங்கிட்டாரு. நடுவுல நாங்க, தொண்டையில சிக்கின முள்ளு. இல்லன்னா கீழ்த்தளத்துல குடியிருக்கிற மலாக்கி. கண்ணாடி போடறவன். கண்ணாடிய எங்க தொட்டா எப்படி உடையும்னு அவனுக்குத் தெரியாதா? குவிக்லி வீடுங்களுக்கெல்லாம் அவன்தான் வேலை செய்யறான்.”

“ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!” என்றார் டெர்மட், கண்கள் மின்ன.

“டெர்மட், தொப்பிய எடுங்க,” என்றாள் மொலாய். “நாளைக்குப் போறோம்.”

மறுநாள் தூறலில் இருவரும் வந்தார்கள். மொலாய் கதவுக்கு மேலிருந்த விசிறி வடிவக் கண்ணாடியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரே விரிசலிடம் போனாள். சுவரில் மிச்சமிருந்த நான்கு பட்டைகளையும் கைவிளக்கு பிடித்துப் பார்த்தாள். பையிலிருந்து சவரத் தகடு ஒன்றை எடுத்து, உடைந்த இரு துண்டுகளுக்கு நடுவே நுழைக்கப் பார்த்தாள். அது நுழையவில்லை. எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு விரிசலுக்குள் தகட்டின் முனையால் சுரண்டினாள். பச்சை, பழுப்பு, மறுபடி பச்சை, வெள்ளை என்று பெயின்ட் பொடியாக உதிர்ந்தது.

“இந்த விரிசல் எப்போ விட்டது?”

“போர் நடந்தப்போ, நாப்பத்தொண்ணுல. பக்கத்துத் தெருவுல குண்டு விழுந்துச்சு. எனக்கு ஆறு வயசு. எத்னா தொட்டில்ல. அப்பா அவளத் தூக்கிட்டு என்னை மறந்துட்டு ஓடினாரு.”

“அறுபது வருஷமா இத மட்டும் மறக்க மாட்டேங்கறா,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எத்னா தேநீர்த் தட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தாள். அக்காவைவிட ஐந்து வயது இளையவள், அவளைவிடக் குண்டு, அவளைவிடச் சத்தமாக மூச்சு வாங்குகிறவள். “திரும்பி வந்து உன்னையும் தூக்கிட்டுத்தானே போனாரு? அதையும் சொல்லேன்டி.”

முன்னறை முதல் மாடியில் இருந்தது. தெருவைப் பார்த்து இரண்டு உயரமான ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் உட்பக்கம் மரக்கதவுகள். பகலில் அவை மடிந்து, ஜன்னலின் இருபுறமும் சுவரில் குடைந்த பெட்டிகளுக்குள் போய்விடும். மடிந்திருக்கும்போது வெறும் மரப்பலகை வேலைப்பாடு என்றே தோன்றும். விரிசல் வலப்பக்க ஜன்னலின் ஓரம் வந்து, அந்தப் பெட்டிக்குப் பின்னால் மறைந்தது.

மொலாய் வலப்பக்க ஜன்னலின் கீழ்ச்சட்டத்தை ஒற்றை விரலால் தூக்கினாள். அது வெண்ணெயில் கத்தி போல மேலே போனது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மழைச்சாரல் உள்ளே வந்தது.

“இந்தக் கதவுங்கள இப்பவும் சாத்தறீங்களா?”

“இருட்டற நேரம் தவறாம,” என்றாள் எத்னா. “சின்ன வயசுல யார் சாத்தறதுன்னு தினம் சண்டை. அம்மா பிரிச்சு விட்டுட்டாங்க. இடப்பக்கம் ஊனாவுது, வலப்பக்கம் என்னுது. தப்பித்தவறி நான் அவளோடதத் தொட்டா அவ்வளவுதான், ஒரு வாரம் மூஞ்சிய உம்முனு வெச்சிப்பா.”

“நீ அழுத்திச் சாத்தற. கீல் போயிரும்.”

“அம்பது வருஷமா போகப்போகுது.”

மொலாய் புன்னகை செய்தாள். பிறகு எல்லாரையும் கீழே போகச் சொன்னாள். அறையை அளக்க வேண்டும், காலடிச் சத்தம் இருந்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்றாள். டெர்மட்டையும் விரட்டினாள். அவர் முகம் தொங்கிப்போய், சமையலறையில் எத்னாவின் சோடா ரொட்டியில் மூன்று துண்டு தின்று மனதை ஆற்றிக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்து மொலாய் இறங்கி வந்தாள். உடைந்த ஐந்து பட்டைகள் இருந்த இடத்தில் புதிதாக ஐந்து ஒட்டியிருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் தேதி கீறியிருப்பதாகவும் சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டினாள். “வியாழக்கிழமை மத்தியானம் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் வராதேன்னு சொல்லாதீங்க. எப்பவும் போல இருங்க.”

கை கழுவக் குழாயடிக்குப் போனாள். அவள் விரல் நகங்களுக்குள் வெள்ளைச் சாந்து இருந்தது. அதை ஊனா கவனித்தாள். ஐந்து பட்டை ஒட்டினால் நகத்தில் சாந்து இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஒரு வாரம் ஊனா காவல் இருந்தாள். அவளுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு அதில் ஓர் உயிர்ப்பு இருந்தது. பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் காலைகள் எல்லாம் ஒரே நிறத்தில் வந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு காலையிலும் எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது. யாரைச் சந்தேகப்படுவது என்கிற வேலை. படியில் கேட்கும் ஒவ்வொரு காலடியும் அவளை நிமிர வைத்தது. தபால் கொண்டுவந்த பெண்ணைக்கூட, இவளை யார் அனுப்பியது என்று யோசித்தாள். சந்தேகம் வயதைக் குறைக்கிறது என்று ஒருநாள் முகம் கழுவும்போது அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்காமல் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மலாக்கி வந்தான். வலப்பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி கீறல் விட்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி எத்னா முன்னமே சொல்லியிருந்தாள். அவன் கண்ணாடியைப் பதிக்கும் மக்குப் பசையைச் சூடு கிளம்ப உள்ளங்கையில் உருட்டினான். ஊனா அவனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன மிஸ் லாலர், தொழில் கத்துக்கறீங்களா?”

“கண்ணாடி எப்படி உடையுதுன்னு பாக்கறேன்.”

“போடறதுதான் என் வேலை. உடைக்கிறதுக்குத் தெருப் பசங்க இருக்காங்க.” அவன் சிரித்தான். அவன் சாமானைக் கட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை குவிக்லி வந்தார். விலையுயர்ந்த மேல்கோட்டு, கையில் சாக்லேட் பெட்டி. ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து, வயதான காலத்தில் இத்தனை படி ஏறி இறங்குவது பற்றிக் கவலைப்பட்டார்.

“எங்க முழங்காலு எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஊனா.

“ஏறி இறங்கினது போதும்னு நெனைக்கிறவங்களும் உண்டு, மிஸ் லாலர்,” என்றார் குவிக்லி. அவர் பார்வை எத்னா பக்கம் போனது. எத்னா தேநீர்க் கெண்டியின் மூடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஊனா குவிக்லியின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டபோது கதவுவரை கூடப் போய் வெளியே நின்றாள். கடைசியில் தெருக் கதவுவரை இறங்கிப் போய் வழியனுப்பினாள்.

“இயேசு மரி சூசையே,” என்றாள் எத்னா, அவள் திரும்பி வந்ததும். “அந்த மனுஷன் பாட்டுக்கு ஒண்ணுக்குக்கூடப் போக முடியல உன்னால.”

“உனக்கு அவன் மேல என்ன இரக்கம்?”

எத்னா சாக்லேட் பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பட்டை உடைந்திருந்தது. புதன்கிழமை இன்னும் இரண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் முன்னறையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மொலாய் வரச் சொல்லியிருந்தாள். குவிக்லி கோட்டைக் கழற்றாமல் நின்றார். மலாக்கி சாந்துக் கறைபட்ட கால்சட்டையோடு நாற்காலி நுனியில் ஒட்டி உட்கார்ந்திருந்தான். சகோதரிகள் சோபாவில். டெர்மட் குற்றவாளி ஓடிவிடுவான் என்பதுபோல் கதவருகே.

“முதல்ல சுவர்,” என்றாள் மொலாய். “சுவர் நகரல.”

குவிக்லி தோளைக் குலுக்கினார். “அத இன்ஜினியர் சொல்லணும்.”

“நாளைக்குச் சொல்வாரு. சுவர் நகர்ந்து கண்ணாடி உடைஞ்சா, ரெண்டு துண்டும் சுவரோட சேந்து விலகும். நடுவுல இடைவெளி இருக்கும். இங்க எந்த உடைசல்லயும் சவரத் தகடு நுழையல. உடைஞ்ச எடத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. அப்புறம் இந்த ஜன்னல்.” அவள் எழுந்து போய் வலப்பக்கச் சட்டத்தை ஒற்றை விரலால் தூக்கினாள். “முன்சுவர் கோணினா ஜன்னல் சட்டமும் கோணும். அப்போ இத ரெண்டு ஆம்பள சேந்தாலும் அசைக்க முடியாது. விரிசலுக்குள்ள பாத்தேன், நாலஞ்சு தடவை அடிச்ச பெயின்ட் கெடக்கு. குண்டு விழுந்த அன்னிக்கு விட்ட விரிசல், அதோட செத்துப்போச்சு.”

ஊனா சோபாவில் சாய்ந்துகொண்டாள்.

“அப்போ யாரோ கையால உடைச்சிருக்காங்க,” என்றார் டெர்மட், மலாக்கியைப் பார்த்து.

“ஏன்யா என்னப் பாக்கற?”

“கண்ணாடிக்காரன் நீதானே!”

“தபால்காரன் நீ. தெருவுல எந்தக் கடுதாசி காணாமப் போனாலும் உன்னப் புடிக்கலாமா?”

“போதும்,” என்றாள் மொலாய். “மலாக்கி உடைக்கல. குவிக்லியும் உடைக்கல.”

“நன்றி,” என்றார் குவிக்லி வறட்சியாக. “இதுக்குத்தான் என் வேலையக் கெடுத்து வரச் சொன்னீங்களா?”

“உங்க முன்னால சொல்லணும்னு நெனச்சேன். ஆபத்தான வீடுன்னு நீங்க பேசிக்கிட்டுத் திரியறது இன்னியோட நிக்கணும் பாருங்க. இந்த வரிசைல ஒண்ணு போனா ரெண்டு பக்கமும் சாயும். உங்க ஆறும் எட்டும் நிக்கிறதே இந்த ஏழு நடுவுல நிக்கிறதாலதான். அதையும் யோசிச்சுக்குங்க.”

குவிக்லி தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலாக்கி எழுந்தான். கதவருகே நின்று ஊனாவைப் பார்த்தான். “அன்னிக்கு நீங்க பாத்த பார்வைக்கு ரெண்டு கண்ணாடி விரிசல் விட்டிருக்கணும், மிஸ் லாலர்,” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

“டெர்மட், தேநீர் போட்டு எடுத்துட்டு வாங்க.”

“இப்பவா? இந்த நேரம் பாத்தா?”

“இப்பத்தான். நல்லாக் கொதிக்க விடுங்க.”

டெர்மட் முணுமுணுத்துக்கொண்டே போனார். மொலாய் கதவைச் சாத்தினாள். பிறகு யாரும் எதிர்பாராதபடி, நடுப்பகலில், வலப்பக்க ஜன்னலின் மரக்கதவை அதன் பெட்டியிலிருந்து வெளியே இழுத்தாள். அறையில் பாதி இருண்டது.

“இங்க வாங்க, மிஸ் ஊனா.”

ஊனா போனாள். கதவு வெளியே வந்துவிட்டதால் பெட்டி வெறும் பள்ளமாக இருந்தது. உள்ளங்கை அகலம்தான். பின்சுவரில் விரிசல் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை, ஆறாவது. அதில் தேதி கீறியிருந்தது. அது நடுவில் உடைந்திருந்தது.

“இது ஒண்ணு இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் மொலாய். “டெர்மட்டுக்கும் தெரியாது. பகல்ல வர்றவங்க கண்ணுக்கு இது தெரியாது. கதவு மடிஞ்சு மறைச்சிருக்கும். சாயங்காலம் இந்தக் கதவக் கையால இழுக்கறவங்களுக்குத்தான் தெரியும்.”

ஊனா உடைசலை விரலால் தொட்டாள். “மலாக்கி இந்த ஜன்னல்லதானே வேலை பாத்தான்?”

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி.”

“அவன் கதவ இழுத்தானா?”

“இல்ல. நான் அவனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“குவிக்லி?”

“தனியா விடவே இல்ல.”

“அதான் சொல்றேன். நீங்க சந்தேகப்பட்ட எல்லாருக்கும் உங்க சந்தேகமே சாட்சி. ஒருத்தரையும் கண்ண விட்டு விலக்கல. ஆரம்பத்துல நான் உங்களையும் சந்தேகப்பட்டேன். ஆனா நீங்க இந்த ஜன்னலத் தொட மாட்டீங்க. உங்க அம்மா பிரிச்சு விட்டுட்டாங்களே.”

சோபாவிலிருந்து எத்னாவின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஊனா திரும்பிப் பார்க்கப் பயந்தாள். ஒரு வாரமாக உலகம் முழுவதையும் கண்கொட்டாமல் பார்த்தவள். ஒரே ஒரு முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய முகம் என்று அதைக் கருதியதே இல்லை. சுவரைப் போல, படிக்கட்டைப் போல, அது இருக்கும், அவ்வளவுதான்.

“அது முழுசா இருந்தா மத்ததெல்லாம் பொய்யாயிருமேன்னு நெனச்சேன்,” என்றாள் எத்னா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அஞ்சுல மூணு உடைஞ்சு, அதே விரிசல்ல இருக்கிற இது உடையலன்னா இந்த அம்மா கேப்பாங்கன்னு. வேணும்னே வெச்சிருப்பாங்கன்னு தோணல. நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்ல.”

“ஏன்?” என்றாள் ஊனா.

“ஸ்கெரிஸ் ஊர்ல, என் சிநேகிதி ப்ரோனா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு. பின்புறம் கடல். கீழ்த்தளம் மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் சொல்றேன். நீ ‘ம்’ங்கற. அப்புறம் கூரைல ஈயத்தகடு மாத்தணும்ங்கற. ஜன்னல் கயிறு அறுந்துபோச்சுங்கற. எனக்கு மூச்சு வாங்குது, ஊனா. டாக்டர் சொன்னத உன்கிட்ட சொன்னேன். அன்னிக்குப் புகைபோக்கிய சுத்தம் பண்ற ஆள் வந்திருந்தான். நீ அவனோட பேசிக்கிட்டு இருந்த.”

“என்னை விட்டுட்டுப் போறேன்னு சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? அப்பா அன்னிக்கு உன்னை விட்டுட்டு ஓடினத அறுபது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்க. நானும் ஒருத்தி விட்டுட்டு ஓடணுமா? வீடே நம்மள வெளிய தள்ளிட்டா, யாரும் யாரையும் விட்டுட்டுப் போனதா ஆகாதுன்னு பாத்தேன்.”

மொலாய் மரக்கதவை மெல்ல மடித்துப் பெட்டிக்குள் தள்ளினாள். அறைக்கு மறுபடி வெளிச்சம் வந்தது. “ஹெனஸி காகிதத்துல வாழற மனுஷன்,” என்றாள். “சுவர் நல்லா இருக்குன்னு நான் சொன்னா நம்புவாரு. ஆனா கண்ணாடி எப்படி உடைஞ்சதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்காம நோட்டீஸக் கைவிட மாட்டாரு. பேரு நான் சொல்லப்போறதில்ல. நீங்க முடிவு பண்ணுங்க. யாரும் சொல்லலன்னா வீடு போயிரும், அதையும் சொல்லிட்டேன்.”

டெர்மட் தட்டோடு உள்ளே வந்தார். மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரு?”

“வீடு நிக்குது, டெர்மட்.”

“அது தெரியுது. யாருன்னு கேட்டேன்.”

“தேநீர் ஆறிடும்,” என்றாள் மொலாய்.

அன்று இரவு ஊனா படுக்கையில் புரண்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. ஆனால் அதைப் போட இடமில்லை. குவிக்லியின் மேல் போட்ட கோபம் எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது தெரிந்தது. அவருக்கு மூச்சு வாங்கினால் அவளுக்கு என்ன? எத்னாவின் மூச்சைத்தான் அவள் மூன்று அறை தள்ளி, கதவு வழியாக, இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டும், அதை இந்த வீட்டின் சத்தங்களில் ஒன்றாகவே சேர்த்து வைத்திருந்தாள். எத்னா வாயைத் திறந்து ஒப்புக்கொண்டால் வீடு தப்பும். அவள் வாயை மூடிக்கொண்டால் அவள் தப்புவாள். விடியும்வரை ஊனா இதையே தராசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹெனஸி வந்தார். மெல்லிய மனிதர், ஈரமான மூக்குக்கண்ணாடி. மொலாயும் அவரும் சவரத் தகட்டோடு படிக்கட்டில் முக்கால் மணி நேரம் இருந்தார்கள். பிறகு அவர் முன்னறைக்கு வந்து அட்டையில் செருகிய படிவத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“சுவர் அசையல, ஒத்துக்கறேன். ஆனா கண்ணாடி தானா உடையாது. யார் உடைச்சது?”

எத்னா எழுந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஊனா சொன்னாள்: “நாங்கதான்.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேரும்.”

ஹெனஸி பேனாவைத் தூக்கிப் பிடித்தார். யாரோ உடைக்கிறார்கள் என்று ஒரே மாதத்தில் தனக்கு ஆறு புகார்க் கடிதம் எழுதியவளைப் புரியாமல் பார்த்தார். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, மிஸ் லாலர்.”

“எழுதிக்குங்க. எங்கள்ல ஒருத்திக்கு இங்கிருந்து போகணும். பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா. இன்னொருத்தி பதில் சொல்லல.”

“இதுக்கெல்லாம் இதுல எடமில்லையே.”

“அப்போ ஓரத்துல எழுதுங்க.”

அவர் மொலாயைப் பார்த்தார். மொலாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெனஸி ஓரத்தில், சின்ன எழுத்தில், நீண்ட நேரம் எழுதினார். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் எல்லாரும் போனபின், தெருக்கதவு சாத்தும் சத்தம் அடங்கும்வரை ஊனா அறை நடுவிலேயே நின்றாள். இந்த வீடு இனி தன்னுடையது. தான் மட்டும் இருக்கப்போகிற வீடு. அந்த நினைப்பின் குளிர் முதுகில் இறங்கியது. அவள் அதை இறங்க விட்டாள். பிறகு கொக்கியிலிருந்து இரண்டு மேல்கோட்டுகளையும் எடுத்தாள்.

“எங்க போறோம்?” என்றாள் எத்னா.

“அந்த வீட்டப் பாக்க வேண்டாமா? சுவர் கிவர் நல்லா இருக்கான்னு நான் பாக்காம யார் பாப்பா? ஸ்கெரிஸுக்கு ரயில் எத்தனை மணிக்கு?”

எத்னா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அட்டவணை தேடி எழவும் இல்லை. “பதினொண்ணு நாப்பதுக்கு ஒண்ணு,” என்றாள் உடனே. “அத விட்டா பன்னெண்டு முப்பத்தஞ்சு. அது எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். அப்புறம் ஒண்ணு பத்து. சனிக்கிழமைன்னா அது கெடையாது. ஞாயித்துக்கிழமை ரெண்டே ரெண்டுதான்…”

சொல்லிக்கொண்டே போனாள். ஊனா கோட்டைக் கையில் பிடித்தபடி, கடைசி ரயில்வரை குறுக்கிடாமல் கேட்டாள்.